செட் டாப் பாக்ஸ்ல ரெக்கார்ட் பண்ணதை கெடுக்காம சின்னதாக்குறது எப்படி

எங்க வீட்டுல டிடி ஃப்ரீ டிஷ் தான். மாச வாடகை கிடையாது, 93.5 டிகிரி கிழக்குல நிக்கிற ஜிசாட் 15 பக்கமா தட்டை திருப்பி வச்சா வேலை முடிஞ்சது. மார்கழி பொறந்துட்டா அப்பா ஒரு கையில ரிமோட்டு ஒரு கையில பென்டிரைவுன்னு உக்காந்துருவாரு, டிடி தமிழ்ல (2024 ஜனவரி வரைக்கும் பொதிகைன்னு சொல்லிட்டு இருந்தோமே, அதே தான்) எந்தக் கச்சேரி வந்தாலும் சிவப்பு பட்டனை அமுக்கிருவாரு. அப்படியே சேர்ந்து சேர்ந்து ஒரு டப்பா நிறைய பென்டிரைவ், எதுல என்ன இருக்குன்னு அவருக்கே தெரியாது, எடமும் இல்ல, கடைசில "டேய் இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு சின்னதாக்கிக் குடு"ன்னு என் தலையில வந்து விழுந்துச்சு.

நான் என்ன பண்ணேன்னா, கூகுள்ல மொதல்ல வந்த ஏதோ ஒரு இலவச கன்வெர்ட்டரை எறக்கி, முப்பத்தி ரெண்டு ஃபைலையும் மொத்தமா உள்ள போட்டு, 480ன்னு ஒரு சைஸை தட்டிவிட்டு தூங்கப் போயிட்டேன். காலைல பாத்தா எல்லாம் குட்டி குட்டியா வந்திருந்துச்சு, சந்தோஷத்துல ஒரிஜினலை எல்லாம் அழிச்சுட்டேன். அன்னைக்கு சாயங்காலம் அப்பா தனி ஆவர்த்தனம் பாத்துட்டு இருந்தவரு கூப்பிட்டு கேட்டாரு, "ஏண்டா, மிருதங்கம் வாசிக்கிறவரு விரல்ல எல்லாம் சீப்பு மொளச்சிருக்கு?" போய் பாத்தா நெஜமாவே சீப்பு தான். கை அசையாதப்ப நல்லா இருக்கு, அசைஞ்சா விரல் ஓரம் பூரா பல்லு பல்லா கோடு. முப்பத்தி ரெண்டும் அப்படித்தான். சரி பண்ணவே முடியாது, ஏன்னு கீழ சொல்றேன்.

அதனால இதை படிக்கிறவங்க எதை மறந்தாலும் ஒண்ணை மட்டும் மறக்காதீங்க, மிருதங்க விரல் தெளிவா இருக்கான்னு பாருங்க, அது சரியா வந்துட்டா படத்துல மத்தது பெரும்பாலும் சரியா தான் இருக்கும். கச்சேரி இல்லாம கபடி மேட்ச்னா ரெய்டு போறவர் கால், பட்டிமன்றம்னா பேச்சாளர் ஆட்டுற கை. ஃபைல் சைஸைப் பாத்து சந்தோஷப்படுறதெல்லாம் அப்புறம்.

மொதல்ல பென்டிரைவுக்குள்ள என்ன இருக்குன்னு பாப்போம். பாக்ஸுக்கு பாக்ஸ் வேற மாதிரி இருக்கும். எங்க பாக்ஸ் ஏ எல் ஐ டி வி ஆர் எஸ்னு ஆரம்பிக்கிற ஒரு ஃபோல்டரை போட்டுக்கும், அதுக்குள்ள ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் தனி ஃபோல்டர், அதுக்குள்ள 000, 001ன்னு டிஎஸ் ஃபைலுங்க (.tsனு முடியும், வீடியோ இதுல தான் இருக்கு), கூடவே ரெண்டு மூணு குட்டி ஃபைல். குட்டி ஃபைல் எல்லாம் பாக்ஸோட சொந்த கணக்கு, நமக்கு வேணாம். சில பாக்ஸ் வேற ஏதாவது பேருல சேவ் பண்ணும், அதையும் விஎல்சி பிளேயர்ல போட்டுப் பாருங்க, ஓடுச்சுன்னா பேர் கடைசில டிஎஸ்னு மாத்திக்கிட்டா போதும். ஏன் துண்டு துண்டா இருக்குன்னா, பென்டிரைவ் ஃபேட்32ல ஃபார்மேட் ஆகி இருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போக முடியாது, அதனால பாக்ஸே பிரிச்சு பிரிச்சு எழுதிரும். ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன், காசு கட்டுற டிடிஎச் பாக்ஸ்ல ரெக்கார்ட் பண்ணது பெரும்பாலும் அந்த பாக்ஸுக்கு மட்டும் திறக்குற மாதிரி பூட்டி இருக்கும், கம்ப்யூட்டர்ல ஓடாது, அதை உடைக்கிற கதை இங்க இல்ல. பூட்டில்லாத சேனலோட ரெக்கார்டிங், பழைய டிவி ட்யூனர் கார்டுல புடிச்சது, இதுக்குத்தான் இந்த வழி. வீட்டுல பாக்குறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க, யூட்யூப்ல ஏத்திட்டு ஸ்ட்ரைக் வந்துச்சுன்னு அழாதீங்க.

அடுத்து மீடியாஇன்ஃபோன்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், ஃபைலை அதுக்குள்ள இழுத்துப் போடுங்க. நாலு விஷயம் மட்டும் பாத்தா போதும், வீடியோ எம்பெக்2வா இல்ல ஹெச்264ஆ (ரெண்டும் வீடியோவை சுருக்கி வைக்குற முறை), பிட்ரேட் எவ்ளோ (ஒரு செகண்டுக்கு எவ்ளோ டேட்டா ஓடுதுங்கிறது), சைஸ் 720க்கு 576ஆ இல்ல 1920க்கு 1080ஆ, ஸ்கேன் டைப்னு இருக்குற இடத்துல இன்டர்லேஸ்டுன்னு போட்டிருக்கா (அது என்னன்னு கீழ சீப்பு கதையில வரும்). பிட்ரேட்டுக்கு ஒரு சுளுவான கணக்கு இருக்கு, எத்தனை மெகாபிட்னு பாத்து 450ஆல பெருக்குங்க, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை எம்பின்னு வந்துரும். 4 மெகாபிட் ஓடுற சேனல்னா மணிக்கு 1800 எம்பி, அதாவது 1.8 ஜிபி.

இந்த கணக்கு எதுக்குன்னா, சுருக்கணுமா வேணாமான்னே இதை வச்சுத்தான் முடிவு பண்ணணும். எம்பெக்2 பழைய முறை, தொண்ணூறுகள்ல வந்தது, அதுல 4 மெகாபிட் எடுக்குற படத்தை 2003ல வந்த ஹெச்264 அதுல பாதி இடத்துலயே, சில சமயம் அதுக்கும் கொறைவாவே, கண்ணுக்கு பெருசா வித்தியாசம் தெரியாம வச்சிரும். ஆனா உங்க சேனலே ஹெச்264ல ஒண்ணரை மெகாபிட்ல தான் வருதுன்னா அதை விட்டுருங்க, ஏற்கனவே புழிஞ்ச கரும்பை மறுபடி மெஷின்ல விட்டா சக்கை தான் வரும். 1 டிபி ஹார்டு டிஸ்க்ல 1.8 ஜிபி கணக்குல அப்படியே போட்டாலே ஐநூறு மணி நேரத்துக்கு மேல புடிக்கும், இதையும் யோசிச்சுக்கோங்க. சில பேரு இருக்குறதை எல்லாம் கசக்கிட்டு தான் தூங்குவேன்னு நிப்பாங்க, அது ஒரு வியாதி.

சரி, சுருக்கத்தான் போறோம். ஆனா சுருக்குறதுக்கு முன்னாடி வெட்டுங்க. இந்த வரிசையை நிறைய பேரு மாத்திப் பண்றாங்க. நம்ம ஊர் கேபிள் டிவி விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷம் வரைக்கும் விளம்பரம் போடலாம், அப்ப அஞ்சுல ஒரு பங்கு விளம்பரம்னு வச்சுக்கோங்க, அதை தூக்குனாலே படத்துல ஒரு புள்ளி கூட கெடாம அவ்ளோ எடம் மிச்சம். கூடவே அப்பா பத்து நிமிஷம் முன்னாடியே அமுக்கி வச்ச செய்தி, கச்சேரி முடிஞ்சும் ஆஃப் பண்ண மறந்து ஓடுன வயலும் வாழ்வும், எல்லாம் போகும்.

வெட்டுறதுக்கு நான் அவிடெமக்ஸ்ங்கிற சாஃப்ட்வேர் தான் போடுறேன். லாஸ்லெஸ்கட்னு ஒண்ணு இருக்கு, ஃபோன்ல எடுத்த வீடியோவுக்கு அருமையா இருக்கும், ஆனா எம்பெக்2 போட்டா ப்ரிவியூ திக்கித் திக்கி வரும், கடுப்பாகும். அவிடெமக்ஸ்ல 000 ஃபைலை திறந்தீங்கன்னா, இதே மாதிரி வரிசை நம்பர்ல இன்னும் ஃபைல் இருக்கே சேர்த்துக்கவான்னு அதுவே கேக்கும், ஆமான்னு சொல்லிட்டா துண்டுங்க எல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே கச்சேரியா வந்துரும், ஒட்டுறதுக்கு தனியா ஒரு வேலை இல்ல. இடது பக்கம் வீடியோ அவுட்புட் காப்பி, ஆடியோ அவுட்புட் காப்பி, கீழ எம்கேவி மக்ஸர் (படத்தையும் சத்தத்தையும் ஒரே எம்கேவி ஃபைலா கட்டுறது), இந்த மூணையும் அப்படியே வச்சுக்கோங்க. காப்பின்னா படத்தை தொடாம எடுத்து வைக்குறதுன்னு அர்த்தம், அதனால ரெண்டு மணி நேர ரெக்கார்டிங் கூட ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சுரும்.

விளம்பரம் ஆரம்பிக்கிற எடத்துல ஏ மார்க், முடியுற எடத்துல பி மார்க், டெலீட், அவ்ளோதான். ஆனா கண்ட எடத்துல வெட்டக்கூடாது, கீபோர்டுல மேல் அம்பு கீழ் அம்பு அமுக்குனா கீஃப்ரேமுக்கு கீஃப்ரேம் தாவும், அங்க தான் வெட்டணும். ஏன்னா இந்த வீடியோல எல்லா ஃப்ரேமும் முழுப் படமா இருக்காது, ஒரு முழுப் படம், அதுக்கப்புறம் வர்றது எல்லாம் "முன்னாடி இருந்ததுல இது மட்டும் மாறிருக்கு"ங்கிற குறிப்பு. குறிப்புக்கு நடுவுல வெட்டுனா முகம் எல்லாம் கட்டம் கட்டமா பிசிறி வரும். எம்பெக்2 சேனல்ல பெரும்பாலும் அரை செகண்டுக்கு ஒரு கீஃப்ரேம் வந்துரும், அதனால பாட்டு தொடங்குறதுக்கு கொஞ்சம் முன்னாடியே வெட்டிட்டா ஒண்ணும் நஷ்டம் இல்ல. சுருதி சேர்க்கிற சத்தத்தை தூக்கிறாதீங்கன்னு அப்பா தனியா சொல்லிருக்காரு.

இப்ப சீப்பு கதைக்கு வருவோம், இதுதான் முக்கியமான எடம், பொறுமையா படிங்க. பழைய ட்யூப் டிவி காலத்துல நம்ம ஊர்ல கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதை ஒட்டி டிவியும் ஒரு செகண்டுக்கு 50 தடவை படத்தை வரையணும். முழுப் படமா 50 அனுப்ப எடம் பத்தாது, அதனால மொதல் தடவை 1, 3, 5ன்னு ஒத்தைப்படை கோடுங்களை மட்டும் அனுப்புவாங்க, அடுத்த தடவை 2, 4, 6. இந்த பாதிப் படத்துக்கு பேரு ஃபீல்டு. ரெண்டு ஃபீல்டும் ஒரே நேரத்துல எடுத்தது கிடையாது, நடுவுல 50ல ஒரு பங்கு செகண்டு இடைவெளி இருக்கு. அதுக்குள்ள மிருதங்கக்காரர் விரல் ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போயிருக்கும். டிவி அதை தனித்தனியா காட்டுச்சு, கண்ணுக்கு வழவழன்னு இருந்துச்சு. கம்ப்யூட்டர் ரெண்டு ஃபீல்டையும் பின்னி ஒரே படமா காட்டுது, ஒத்தைப்படை கோட்டுல விரல் இங்க, இரட்டைப்படை கோட்டுல விரல் அங்க, அதான் சீப்பு. ட்யூப் டிவி போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, ஆனா இன்னைக்கும் 576 கோடு சேனலும் சரி, 1080ல வர்ற ஹெச்டி சேனலும் சரி, பெரும்பாலும் இப்படி இன்டர்லேஸ்டா தான் வருது.

நான் பண்ண தப்பு வெறும் சீப்போட விட்டது இல்ல. சீப்போட 576 கோடாவே வச்சிருந்தா பின்னாடி கூட ரெண்டு ஃபீல்டையும் பிரிச்சு எடுத்திருக்கலாம். ஆனா 480க்கு சின்னதாக்குனேன் பாருங்க, அப்பவே ஒத்தைப்படை கோடும் இரட்டைப்படை கோடும் ஒண்ணோட ஒண்ணு கலந்து பூசுன மாதிரி ஆயிருச்சு, அரிசி மாவும் உளுந்து மாவும் கலந்தப்புறம் பிரிக்க முடியுமா, அந்த கதை. அதனால இன்டர்லேஸ்டு ஃபைலை சீப்பு எடுக்காம சைஸ் மாத்தாதீங்க. ஒரு தடவை கூட.

சீப்பு எடுக்குறதுக்கும் சுருக்குறதுக்கும் ஹேண்ட்பிரேக்னு ஒரு சாஃப்ட்வேர் போதும், இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும். வெட்டுன எம்கேவியை உள்ள போட்டுட்டு ப்ரீசெட் லிஸ்ட்ல பேருல 576ன்னு இருக்குறதுல ஒண்ணை எடுத்துக்கோங்க, ஹெச்டின்னா 1080. அப்புறம் ஃபில்டர்ஸ் டேப். இங்க நீங்க என்ன ரெக்கார்ட் பண்ணீங்கங்கிறதை பொறுத்து ரெண்டு வழி. டிவி கேமராவுல நேரா எடுத்தது, அதாவது கச்சேரி, மேட்ச், செய்தி, பட்டிமன்றம் மாதிரின்னா டீஇன்டர்லேஸ்ல (சீப்பு எடுக்குறதுக்கு பேரு இதுதான்) பிவ்டிஃப் இல்லன்னா யாடிஃப் எடுத்து, அதுக்குப் பக்கத்துல பாப்னு ஒரு ஆப்ஷன் இருக்கும் அதை வைங்க, இன்டர்லேஸ் டிடெக்‌ஷனை ஆஃப் பண்ணிருங்க, வீடியோ டேப்ல ஃப்ரேம் ரேட் 50, கான்ஸ்டன்ட். பாப் என்ன பண்ணும்னா ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுப் படமா ஆக்கி செகண்டுக்கு 50 குடுக்கும், விரல் அசைவு ஒண்ணு கூட விடாது. சாதாரணமா விட்டா 25 தான் வரும், சீப்பு போயிரும் ஆனா அசைவுல பாதி காணாம போயிரும், துரித காலத்துல வாசிக்கிறப்ப விரல் தாவித் தாவி தெரியும். எங்க அப்பா இதை கண்டுபிடிச்சுட்டாரு, 50ன்னா என்ன 25ன்னா என்னன்னு அவருக்கு தெரியாது, "இது டிவில பாத்த மாதிரி இருக்கு, அது சினிமா மாதிரி இருக்கு"ன்னாரு, அவ்ளோ சரியா எந்த மேனுவல்லயும் எழுதல.

பழைய சினிமான்னா கதை வேற. ஃபிலிம்ல செகண்டுக்கு 24 படம், நம்ம ஊர் டிவில அதை லேசா வேகமா ஓட்டி 25ஆ போடுவாங்க, அப்ப ரெண்டு ஃபீல்டும் ஒரே படத்துல இருந்து வந்தது, சீப்பே இருக்காது. அதுக்கு பாப் போட்டா ஃபைல் தான் பெருசாகும். டீகோம்ப்னு ஒண்ணு இருக்கு, டிடெக்‌ஷனை டீஃபால்ட்ல விட்டு அதை வைங்க, சீப்பு இருக்குற ஃப்ரேமை மட்டும் தொடும், மத்ததை விட்டுரும், ஃப்ரேம் ரேட் 25.

வீடியோ டேப்ல ஹெச்264 எக்ஸ்264, கான்ஸ்டன்ட் குவாலிட்டி, 576க்கு ஆர்எஃப் (தரத்துக்கான நம்பர்) 20, 1080க்கு 22. நம்பர் கொறைய கொறைய தரம் கூடும், ஃபைலும் பெருக்கும், தலைகீழா புரிஞ்சுக்காதீங்க. இத்தனை எம்பிக்குள்ள வரணும்னு பிட்ரேட்டை நாமளே போடுற வழியும் இருக்கு, அது சிடில அடைக்கணும்னு இருந்த காலத்து பழக்கம், இப்ப வேணாம். ஆலாபனைக்கு கொஞ்சம் போதும் தனி ஆவர்த்தனத்துக்கு நிறைய வேணும்னு எங்க எவ்ளோ செலவு பண்ணணுங்கிறதை ஆர்எஃப் வச்சா அதுவே பாத்துக்கும். என்கோடர் ப்ரீசெட் ஸ்லோ. என் பழைய ஐ3 லேப்டாப்ல 576 கச்சேரி 50 ஃப்ரேம்ல ஏறக்குறைய ஓடுற நேரமே தான் எடுக்குது, ஒரு மணி நேர கச்சேரிக்கு ஒரு மணி நேரம், 1.8 ஜிபி இருந்தது 600, 700 எம்பிக்கு வருது. ராத்திரி போட்டுட்டு தூங்கலாம், லேப்டாப்பை மெத்தை மேல வைக்காதீங்க, காத்து போற ஓட்டை அடைஞ்சு சூடாகி வேகத்தை அதுவே கொறைச்சுக்கும்.

குவிக் சிங்க், என்வென்க்னு கிராஃபிக்ஸ் சிப்புல பண்ற வழி எடுத்தா பல மடங்கு வேகமா முடியும், ஆனா அதே தரத்துக்கு ஃபைல் பெருசா வரும், நாம வந்ததே சின்னதாக்க, அப்புறம் எதுக்கு. ஹெச்265 இன்னும் சின்னதாக்கும் தான், ஆனா ஐ3ல அது நத்தை, அதோட மாமா வீட்டு பழைய டிவில பென்டிரைவ் சொருகுனா சத்தம் மட்டும் வந்துச்சு படம் வரல. 576 படத்தை 1080ஆ பெருசாக்குனா தெளிவாகும்னு சொல்றவங்க பேச்சை கேக்காதீங்க, இல்லாத விவரம் எங்க இருந்து வரும்.

ஆடியோவுல ஏஏசி, 160, ஸ்டீரியோ. சேனல்ல இருந்து வர்றது பெரும்பாலும் எம்பி2ங்கிற பழைய முறை, சில ஃபோன் அதை வாசிக்காது, அதுக்குத்தான் மாத்துறோம். பேச்சு மட்டும்னா 96 கூட போதும். கச்சேரிக்கு இங்க கஞ்சத்தனம் பண்ணி பத்து எம்பி மிச்சம் புடிக்காதீங்க, தம்புரா சத்தம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும்.

கன்டெய்னர், அதாவது படமும் சத்தமும் வைக்குற ஃபைல் வகை, எம்கேவியா எம்பி4ஆன்னா, எங்க ஊர் மாதிரி சொல்லாம கொள்ளாம கரண்ட் போற எடத்துல எம்கேவி. எம்பி4ல எது எங்க இருக்குங்கிற அட்டவணையை கடைசில தான் எழுதும், 95 சதவீதம் வந்து கரண்ட் போச்சுன்னா மொத்த ஃபைலும் குப்பை. எம்கேவில அதுவரைக்கும் எழுதுனது ஓடும். லேப்டாப்னா பேட்டரி இருக்கேன்னு கேப்பீங்க, என் பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு.

இதெல்லாம் செட் பண்ணிட்டு உடனே ஸ்டார்ட் அமுக்காதீங்க. மேல ரேஞ்சுன்னு இருக்குற எடத்துல செகண்ட்ஸ்னு மாத்தி, தனி ஆவர்த்தனம் வர்ற ஒரு ரெண்டு நிமிஷத்தை மட்டும் குடுத்து ஓட்டிப் பாருங்க. விரல்ல சீப்பு இருக்கா, தாவுதா, முகம் கோழிமுட்டை மாதிரி நீளமா இழுத்துருக்கா (576 படத்தோட புள்ளி சதுரம் இல்ல, 720க்கு 576 இருந்தாலும் திரையில 16க்கு 9ஆ விரியணும், டைமென்ஷன்ஸ்ல அனமார்ஃபிக்கை ஆட்டோல விட்டா அதுவே பாத்துக்கும்). அது சரியா இருந்தா மட்டும் மொத்தத்தையும் க்யூவுல போடுங்க. எனக்கு இந்த ரெண்டு நிமிஷத்தோட விலை முப்பத்தி ரெண்டு கச்சேரி.

மழை நாள்ல ரெக்கார்ட் பண்ணது இருந்தா அதுக்கு தனி கவனம் வேணும். சிக்னல் விட்டு விட்டு வந்திருக்கும், அந்த எடத்துல நேரக் கணக்கு குதிச்சு, அதுக்கப்புறம் பாட்டு ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் போகும். மொதல்ல இருந்தே ஒரே அளவு தள்ளி இருந்தா சுலபம், எம்கேவி டூல்நிக்ஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல ஆடியோ ட்ராக்கை எடுத்து டிலேல மில்லிசெகண்ட் போட்டா சரியாகும். ஒவ்வொரு விட்ட எடத்துலயும் வேற வேற அளவு தள்ளுதுன்னா, அவிடெமக்ஸ்ல அந்த பிசிறை வெட்டி எறிஞ்சு முன்பாதியை ஒரு ஃபைலா பின்பாதியை ஒரு ஃபைலா சேவ் பண்ணி தனித்தனியா ஹேண்ட்பிரேக்ல ஓட்டிட்டு, கடைசில டூல்நிக்ஸ்ல அப்பெண்ட் போட்டு ஒட்டுங்க, ரெண்டுக்கும் செட்டிங் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும், இல்லன்னா ஒட்டாது. வெயில் நாள்லயும் இப்படி பிசிறு வருதுன்னா டிஷ்ஷை மட்டும் சந்தேகப்படாதீங்க, பென்டிரைவ் எழுதுற வேகம் பத்தலன்னாலும் இதே தான் வரும், ஒரு தடவை வேற பென்டிரைவ் மாத்திப் பாருங்க.

முடிஞ்சப்புறம் ஒரிஜினலை எப்ப அழிக்கலாம்? புது ஃபைலை டிவிலயே போட்டு, ஆரம்பத்துல ஒரு நிமிஷம், தனி ஆவர்த்தனத்துல ஒரு நிமிஷம், மங்களம் பாடுற எடத்துல ஒரு நிமிஷம். மங்களத்துல வாயும் சத்தமும் ஒத்துப் போச்சுன்னா நடுவுலயும் பெரும்பாலும் சரியா தான் இருக்கும். ஃபைல் பேருல தேதி, பாடுனவர் பேரு, சேனல் போட்டுருங்க, 000ன்னு விட்டா நாளைக்கு நீங்களே திறந்து திறந்து தேடணும். அதுக்கப்புறமும் ஒரு வாரம் விட்டுத்தான் நான் அழிக்கிறேன். போன மார்கழில புடிச்ச ஒரு நாதஸ்வரக் கச்சேரி மட்டும் ஒரிஜினல் 3.4 ஜிபியாவே கெடக்கு, சுருக்குனதும் நல்லாத்தான் வந்திருக்கு, அப்பா தான் அதை தொடாதேன்னுட்டாரு.